ரோஜாவில் புது ரகம் எடுப்பது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஓசூரில் மொட்டை மாடியில் பல வருஷமாக ரோஜாக்களைக் கலப்புச் செய்து வருகிறேன். வியாபாரம் இல்லை, பைத்தியம்தான். கேள்வி அனுப்பியவர்களில் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரை: அக்கா, எங்கள் மஞ்சள் ரோஜாவில் தானாகக் காய் பிடித்திருக்கிறது. விதையைப் போட்டால் அதே மஞ்சள் வருமா?

வராது. நர்சரியில் வாங்கும் ரோஜாக்கள் எல்லாமே பல தலைமுறைக் கலப்பு. ஒரு காயில் பத்து விதை இருந்தால் பத்தும் பத்து விதமாக வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். அந்தப் பத்தில் நல்லதாக ஒன்று தேறினால் அதைக் கண் ஒட்டு கட்டி, அதாவது அதன் கணுவிலுள்ள மொட்டை இன்னொரு ரோஜாச் செடியின் தண்டில் ஒட்டி, பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கியதுதான் ரகம். மறுபடி அதன் விதையைப் போட்டால் ரகம் கலைந்துவிடும். தானாகப் பிடித்த காயில் இன்னொரு சிக்கல், அம்மா யாரென்று நமக்குத் தெரியும், அப்பா யாரென்று தேனீக்குத்தான் தெரியும். பழகிப் பார்க்க அது போதும். திட்டம் போட்டுச் செய்வதென்றால் கையால்தான் செய்ய வேண்டும்.

சேலம், தர்மபுரி, கோவை: கையால் மகரந்தம் வைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

காய் பிடிக்க வேண்டிய செடி தாய், மகரந்தம் தருவது தந்தை. தாய்ச்செடியில் மறுநாள் விரியப்போகிற மொட்டைப் பிடியுங்கள். முழுதாக விரிந்த பூ வேண்டாம், அதற்குள் தேனீ வேலையை முடித்திருக்கும். இதழ்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துவிடுங்கள். நடுவில் குட்டையான இழைகள் கொத்தாகத் தெரியும், அதுதான் சூல்முடி. அதைச் சுற்றி வட்டமாக மஞ்சள் தலையோடு நிற்பவை கேசரங்கள். சின்னக் கத்தரியாலோ புருவம் பிடுங்கும் இடுக்கியாலோ கேசரங்களை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் அந்தப் பூ தன்னையே கருவுறச் செய்துகொள்ளலாம். எடுத்ததும் ஒரு பேப்பர் கவரை மாட்டிக் கட்டிவிடுங்கள். பாலித்தீன் கவர் மாட்டினால் உள்ளே வியர்த்து அழுகும்.

தந்தைச் செடியிலும் இதேபோல் விரியாத மொட்டிலிருந்து கேசரங்களை வெட்டி ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, காற்றடிக்காத நிழலில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தட்டைத் தட்டினால் மஞ்சள் பொடி தெரியும். அன்றோ மறுநாளோ தாய்ப்பூவின் சூல்முடி பிசுபிசுவென்று ஆகியிருக்கும். வெயில் ஏறுமுன் பொடியை விரல் நுனியில் தொட்டுத் தடவுங்கள். பிரஷ் தேவையே இல்லை. அதில் ஒட்டியிருக்கும் பழைய மகரந்தம் அடுத்த கலப்பைக் கெடுக்கும், விரலைக் கழுவிவிடலாம். மறுநாள் இன்னொரு முறை தடவி, மறுபடி கவர் மாட்டி, காம்பில் ஒரு பெயர்ச்சீட்டைக் கட்டுங்கள். தாய் பெயர் முதலில், அப்புறம் பெருக்கல் குறி, அப்புறம் தந்தை பெயர், தேதி. பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை வெயிலில் வெளுத்துவிடும்.

திருச்சி: செய்தேன். பத்து நாளில் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது.

எந்த மாதம் செய்தீர்கள் என்று எழுதவில்லை. மார்ச்சுக்கு மேல் திருச்சி வெயிலில் மகரந்தம் தாங்குவது கஷ்டம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை செய்து பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் தாயை மாற்றுங்கள். சில ரகங்கள் காயே பிடிக்காது, ஆனால் மகரந்தம் நன்றாக வேலை செய்யும், அவற்றைத் தந்தையாக்கலாம்.

கொடைக்கானல்: காட்டு ரோஜாவோடு கலப்புச் செய்தால் நோய் தாங்கும் செடி வருமா?

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! எம்.எஸ். வீரராகவன் என்ற முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அவர் மனைவி கிரிஜாவும் கொடைக்கானலில் இதையேதான் செய்தார்கள். ஐரோப்பாவின் குளிருக்காக உருவான ரோஜாக்கள் நம் வெப்பத்தில் திணறுகின்றன, எனவே வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜாவை நம் நாட்டுக் காட்டு இனங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வடகிழக்கு மலைகளின் ரோசா ஜைஜான்டியா, ஈரநிலங்களில் வளரும் ரோசா கிளைனோஃபில்லா ஆகிய இரண்டையும் வைத்து வேலை செய்தார்கள்.

ஆனால் இது பொறுமைக்காரர்கள் வேலை. காட்டு இனங்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். வருஷம் முழுக்கப் பூக்கும் குணம் ரோஜாவில் ஒடுங்கு பண்பு, அதாவது அம்மா, அப்பா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே முதல் தலைமுறைக் கன்றுகள் காட்டுப் பெற்றோரைப் போலவே பெரிதாகப் படர்ந்து, வருஷம் ஒருமுறை பூக்கும், அதுவும் இரண்டு மூன்று வருஷம் காக்க வைத்து. அதை மறுபடி தோட்ட ரோஜாவோடு சேர்த்தால்தான் தொடர்ந்து பூக்கும் கன்றுகள் தலைகாட்டும்.

குரோமோசோம் தொல்லையும் உண்டு. ஜைஜான்டியாவுக்கு 14, ஹைப்ரிட் டீ என்ற பெரிய பூ வகைத் தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. ஒவ்வொன்றிலிருந்தும் பாதிதான் பிள்ளைக்குப் போகும், ஆகவே பிள்ளைக்கு 7-ம் 14-ம் சேர்ந்து 21, ஜோடி சேராத எண். அப்படிப்பட்டவை பெரும்பாலும் மலடு அல்லது அரை மலடு. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இந்தக் குரோமோசோம் கணக்குகளிலேயே ஊறிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரை வீரராகவன் தம்பதி தங்கள் ரோஜா ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்.

முதல் முறை செய்கிறவர்கள் இரண்டு தோட்ட ரோஜாக்களிலேயே தொடங்குங்கள்.

ஈரோடு: காய் பழுத்தது. விதை முளைக்கவில்லை.

காய் பழுக்கவே ஏறக்குறைய நான்கு மாதம், பச்சை மாறி ஆரஞ்சாகும் வரை பறிக்கக் கூடாது. விதையை எடுத்துச் சதையைக் கழுவி, ஈரமான டிஷ்யூவில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறிலிருந்து பத்து வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். குளிர்காலம் முடிந்ததாக நம்பினால்தான் விதை கண் திறக்கும். பிறகு கோகோபீட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். பாதி முளைத்தாலே சந்தோஷப்படலாம்.

சென்னை: ஆன்லைனில் நீல ரோஜா விதை வாங்கினேன்...

போன காசு போனதுதான். ரோஜா இதழில் நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் நிறமி உருவாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவின் மரபணுவைச் செலுத்தி எடுத்து 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட ஊதா கலந்த நிறம்தான்.

வேலூர்: முதல் பூ சின்னதாக, ஐந்தாறு இதழோடு வந்திருக்கிறது. பிடுங்கிவிடவா?

அவசரப்படாதீர்கள். தொடர்ந்து பூக்கும் வகையாக இருந்தால் முளைத்து இரண்டு மாதத்திலேயே, விரல் உயரத்தில் நின்றுகொண்டு பூக்கும். அந்தப் பூவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அடுத்தடுத்த பூக்களில் இதழ் கூடும். இலையைப் பாருங்கள். மழைக்காலத்தில் கரும்புள்ளி வந்து மொட்டையாக நிற்கிற கன்றை, பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நான் கன்றுகளுக்கு மருந்தே அடிப்பதில்லை. அடித்தால் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியாமலே போய்விடும். மிஞ்சியதைக் கண் ஒட்டில் நாலைந்து செடியாக்கி, இரண்டு மூன்று வருஷம் பார்த்த பிறகே பெயரைப் பற்றி யோசியுங்கள். உலகமே கொண்டாடிய 'பீஸ்' ரோஜாவை ஃபிரான்சிஸ் மெய்யான் கலப்புச் செய்தது 1935-ல், அது அந்தப் பெயரோடு அமெரிக்காவில் வெளிவந்தது 1945-ல்.

பெங்களூரு: பெயர் பதிவு செய்தால் மற்றவர்கள் விற்க முடியாதா?

இரண்டும் வேறு வேறு. ரோஜாப் பெயர்களுக்கான உலகப் பதிவேட்டை அமெரிக்க ரோஜா சங்கம் வைத்திருக்கிறது. அதில் பதிந்தால் அந்தப் பெயர் இன்னொரு ரோஜாவுக்கு வராது, அவ்வளவுதான். விற்பனை உரிமை வேண்டுமென்றால் 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை மூன்றையும் சோதிப்பார்கள். மாடித்தோட்டக்காரர்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

திண்டுக்கல்: நிலக்கோட்டைப் பக்கம் மல்லிதான் பிழைப்பு. குண்டுமல்லியில் இதைச் செய்யலாமா?

குண்டுமல்லி காய் பிடிப்பதே அபூர்வம், அதனால் இந்த வழி அங்கே ஓடாது. மல்லியின் உறவான பிச்சியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2 ரகம், பழைய கோ.1 ரகத்தின் தண்டுகளுக்குக் காமா கதிர் கொடுத்து எடுத்தது. வீட்டில் அதற்கு வழியில்லை. ஆனால் சில செடிகளில் ஒரே ஒரு கிளை மட்டும் தானாகவே மாறி, மொட்டு நீளமாகவோ அடுக்கு அதிகமாகவோ பூக்கும். கவாத்துக்கு முன்னால் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அப்படி ஒரு கிளை கண்ணில் பட்டால் ரிப்பன் கட்டி வைத்து, அதை மட்டும் தனியாகப் பதியன் போடுங்கள்.