கொடை என்றைக்கு என்று இன்னும் போன் வருகிறதா? இணையதளத்தின் முதல் திரையை மாற்றுங்கள்

வாசகர் கேள்வி: வீரவநல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சித்திரையில் எங்கள் அம்மன் கோயிலில் மூன்று நாள் கொடை விழா. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் சென்னை, கோவை, மும்பை, துபாய் என்று வெளியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் போன வருடம் ஒரு இணையதளம் தொடங்கினோம். கோயில் வரலாறு, அழைப்பிதழ், போட்டோக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படியும் கொடை என்றைக்கு, சாமக்கொடை (நள்ளிரவுப் பூஜை) எத்தனை மணிக்கு, விழா வரியை யாரிடம் கட்ட வேண்டும் என்று கமிட்டிக்காரர்களுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. தளத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று நீங்கள் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். வரலாறு, அழைப்பிதழ், போட்டோ. போன் செய்கிறவர்கள் கேட்கும் வரிசையோ வேறு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படி வருவது, வரி எவ்வளவு. விவரமெல்லாம் தளத்துக்குள் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கமிட்டி யோசிக்கிற வரிசையில் இருக்கிறது, வருகிறவர் தேடுகிற வரிசையில் இல்லை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கொடை நோட்டீஸ்தான். நம் பக்கத்து நோட்டீஸுக்கென்று ஒரு மரியாதை வரிசை உண்டு. மேலே சாமி படம், அப்புறம் தலைமை, முன்னிலை, தர்மகர்த்தா, வரிதாரர்கள், நன்கொடையாளர்கள், கடைசியில் நிகழ்ச்சி நிரல். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வருகிறது என்பதில் ஊருக்குள் மனஸ்தாபமே வந்துவிடும். அந்த மரியாதை தேவையானது, அதில் கை வைக்காதீர்கள். அழைப்பிதழை அப்படியே தனிப் பக்கமாக வைத்து, முகப்பிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். முகப்பு மட்டும் வெளியூரிலிருந்து வருகிறவருக்கு.

அந்த முகப்பில், போனைத் திறந்ததும் விரலால் தள்ளாமலே கண்ணில் பட வேண்டியது இவ்வளவுதான்: கோயில் பெயர், ஊர், நாள், முக்கியமான மூன்று நான்கு நேரங்கள், தொட்டால் வழி காட்டும் பொத்தான், தொட்டால் அழைக்கும் எண். உதாரணத்துக்கு, உங்கள் கொடை சித்திரை கடைசிச் செவ்வாயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2026-க்கு அந்த முகப்பு இப்படி இருக்கும்:

கொடை விழா 2026
சித்திரை 28, 29, 30 (மே 11, 12, 13, திங்கள், செவ்வாய், புதன்)
குடியழைப்பு: மே 11 திங்கள் மாலை
உச்சிக்கொடை: மே 12 செவ்வாய் மதியம் 12 மணி
சாமக்கொடை: மே 12 செவ்வாய் இரவு 12 மணி (விடிந்தால் புதன்)
மஞ்சள் நீராட்டு: மே 13 புதன் காலை

தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் வேண்டும். ஊரிலிருக்கும் பெரியவர்களுக்குச் சித்திரை 29 என்றால் புரியும். மும்பையில் லீவு கேட்கிறவருக்கு மே 12 வேண்டும். கிழமை இரண்டு பேருக்கும் வேண்டும். வருடத்தையும் விடாமல் எழுதுங்கள். வருடம் இல்லாத பழைய பக்கம் தேடலில் மேலே வந்து, அதை நம்பிப் போன வருடத் தேதிக்கு டிக்கெட் போட்டவர்கள் உண்டு.

சாமக்கொடை நேரத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், உங்களுக்கு வரும் போன்களில் பல அதற்காகத்தான் இருக்கும். ஊர்க்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி 12 மணி என்பதில் சந்தேகமே கிடையாது, பொழுது விடிகிறவரை அது செவ்வாய்தான். போனில் இருக்கும் காலண்டருக்கு அப்படியில்லை. ‘மே 12, நள்ளிரவு 12 மணி’ என்று அதில் குறித்து வைத்தால், திங்கள் முடிந்து செவ்வாய் பிறக்கும் நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். அதாவது சாமக்கொடைக்கு ஒரு முழு நாள் முன்னால் மணி அடிக்கும். அதனால் மனிதர் படிக்கும் இடத்தில் ‘செவ்வாய் இரவு 12 மணி, விடிந்தால் புதன்’ என்று எழுதுங்கள். காலண்டரில் சேர்க்கும் பொத்தான் வைத்தால் அதற்குள் மே 13, 00:00 என்று கொடுங்கள். கூகுள் போன்ற தேடுபொறிகளுக்காக நிகழ்ச்சி விவரத்தைத் தனிக் குறியீடாகப் பக்கத்துக்குள் எழுதி வைக்கும் ஸ்கீமா முறையிலும் இதே கணக்குதான். அங்கே நேரத்தோடு இந்திய நேர வித்தியாசமான +05:30-ஐயும் சேர்த்துவிட்டால் துபாயில் இருப்பவருக்கும் குழப்பம் வராது.

அடுத்தது, அழைப்பிதழைப் படமாக ஏற்றும் பழக்கம். நோட்டீஸைப் போட்டோ எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நிறைய கமிட்டிகள் நினைக்கின்றன. அகலமான நோட்டீஸ் போன் திரைக்குள் சுருங்கும்போது எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டுக் கூப்பிட முடியாது. தேதியை நகல் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. பார்வையில்லாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலியும் படத்துக்கு முன்னால் நின்றுவிடும். படம் இருக்கட்டும், ஆனால் அதில் உள்ள விவரம் முழுவதும் எழுத்தாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் வரும். அச்சகத்தில் நோட்டீஸை பெரும்பாலும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்தக் கோப்பிலிருந்து நகல் எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அப்போது பலரும் இது சரிப்படாது என்று திரும்பவும் படத்தையே ஏற்றிவிடுகிறார்கள். பாமினியை, எல்லா போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள்.

உங்கள் தளத்தின் முகவரியை யாரும் தட்டச்சு செய்து வரப்போவதில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் யாராவது இணைப்பைப் போடுவார்கள், அதைத் தொட்டுத்தான் வருவார்கள். பாதிப் பேர் தொடவே மாட்டார்கள், இணைப்போடு வரும் சின்ன முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே அந்த முன்னோட்டத்திலேயே விடை இருக்க வேண்டும். பக்கத்துக்குள் எழுதி வைக்கும் ஓப்பன் கிராஃப் என்ற குறிச்சொற்களில் பக்கத்தின் தலைப்பு, விவரம், படம் என்று மூன்றையும் நாமே கொடுக்கலாம். தலைப்பில் ‘முகப்பு’ என்றோ ‘நல்வரவு’ என்றோ இருந்தால் அந்த இடம் வீண். ‘கொடை மே 11–13, 2026, சாமக்கொடை செவ்வாய் இரவு’ என்று போடுங்கள். நான் இந்த வேலையில் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், அரை மணி நேர வேலை, பலன் அதிகம்.

தேதியை எப்போது வெளியிட வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாள் அந்தக் கணக்கில் சேராது. மே 11 சென்னையில் ரயில் ஏற நினைப்பவருக்கு மார்ச் 12 காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்துவிடும். கோடை விடுமுறை நேரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்று உங்களுக்கே தெரியும். நோட்டீஸ் அச்சாகி வரும்வரை காத்திருந்தால் உங்கள் ஜனம் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும். கமிட்டி கூடித் தேதியை உறுதிசெய்த அன்று ராத்திரியே தளத்தில் போடுங்கள், மற்ற விவரம் பின்னால் வரட்டும். தேதி முடிவாகவில்லை என்றால் அதையும் எழுதலாம்: ‘தேதி இன்னும் உறுதியாகவில்லை, பங்குனி முதல் வாரக் கூட்டத்தில் முடிவாகும்’. அந்த ஒரு வரி பல போன்களைக் குறைக்கும்.

வரும் வழி என்ற பகுதியில் கூகுள் வரைபடத்தை மட்டும் ஒட்டிவைத்தால் போதாது. வரைபடக் குறியைக் கோயில் வாசலிலேயே வையுங்கள், ஊர்ப் பெயரில் வைத்தால் அது நடுத்தெருவில் கொண்டுபோய் விடும். பிறகு பஸ், ரயிலில் வருகிறவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிறவர் தென்காசி ரயிலில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி தாண்டி வீரவநல்லூரில் இறங்கலாம் என்று ஒரு வரி. அம்பை, பாபநாசம் போகும் பஸ்ஸை ஜங்ஷனில் பிடிப்பதா, வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் பிடிப்பதா என்று ஒரு வரி. எந்த நிறுத்தம், அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ உண்டா, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, இதெல்லாம் உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னால்தான் உண்டு. சாமக்கொடை முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வயதானவர்கள் எங்கே படுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெண்கள் குழந்தைகளோடு வருகிறவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், கேட்காமலே சொல்வது பெரிய உதவி.

ஊர்ப் பெயரோடு தாலுகா, மாவட்டம், பின்கோடு மூன்றையும் எழுதுங்கள். ஆலங்குளம் என்று தேடினால் தென்காசி மாவட்டத்து ஆலங்குளமும் வரும், விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளமும் வரும். புதூர், குளம் என்று முடியும் சிற்றூர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான் என்பதால், அந்தப் பக்கத்து ஊர்களின் பழைய நோட்டீஸில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அதைப் பார்த்து அப்படியே அடித்துவிடக் கூடாது. கோயில் பெயரையும் நாளையும் நேரத்தையும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை கொடுங்கள். தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எல்லோரும் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வரி விஷயம். ஒரு தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) எவ்வளவு, கடைசி நாள் எது, யாரிடம் கட்டுவது, ரசீது எப்படி வரும் என்று நான்கு வரியில் முடித்துவிடலாம். க்யூஆர் படம் போட்டால் அதன் கீழேயே வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். பணம் அனுப்புகிறவர் தன் செயலியில் வரும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். இது மோசடியைத் தடுக்கிற எளிய வழி. வரி பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலைத் தளத்தில் போட வேண்டும் என்று கமிட்டியில் யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டியதை உலகம் பார்க்கிற இடத்தில் வைக்கக் கூடாது. போன் எண்ணும் எல்லோருடையதும் வேண்டாம். வரிக்கு ஒருவர், நிகழ்ச்சிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் சம்மதம் கேட்டுப் போடுங்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதோடு.

எடுத்துவிட வேண்டியவையும் சில இருக்கின்றன. திறந்ததும் தானாகப் பாடும் அம்மன் பாட்டு. ஆபீஸில் இருப்பவர் பதறிப்போய்ப் பக்கத்தையே மூடிவிடுவார். முதல் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நகரும் போட்டோக்கள். தேதியைச் சொல்லாமல் ‘இன்னும் 23 நாட்கள்’ என்று ஓடும் கடிகாரம். மூலையில் மூன்று கோடு போட்ட மெனு, வயதானவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். உங்கள் அளவு விழாவுக்கு ஒரே நீளப் பக்கம் போதும், மேலே ‘நிகழ்ச்சி நிரல்’, ‘வரும் வழி’, ‘வரி கட்ட’ என்று வெளிப்படையாக மூன்று இணைப்புகள் வைத்தால் சரி.

நிறத்தையும் பாருங்கள். கோயில் என்றதும் சிவப்பில் மஞ்சள் எழுத்து போடத் தோன்றும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டு நெறி. பளிச்சென்ற சிவப்பில் பளிச்சென்ற மஞ்சள் 3.7 அளவுதான் வரும், சித்திரை வெயிலில் நின்று போனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிவப்பைக் குங்குமச் சிவப்பாக அடர்த்தியாக்கினாலே சரியாகிவிடும். இல்லையென்றால் சிவப்பும் மஞ்சளும் தலைப்பில் இருக்கட்டும், விவரம் வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும்.

கொடை நாட்களில் நேரம் மாறத்தான் செய்யும். வில்லிசைக் குழு வர நேரமாகும், கோடை மழை வரும், கரண்ட் போகும். மாற்றத்தை எங்கோ கீழே செய்தியாகப் போடாதீர்கள். பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு வரி: ‘மே 12 மாலை 6.10: வில்லிசை இரவு 9 மணிக்குத் தொடங்கும்’. எப்போது எழுதியது என்ற நேரம் முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது இன்றைய செய்தியா நேற்றையதா என்று கேட்டு மறுபடி போன் வரும். இந்த வரியை மாற்றும் பொறுப்பைக் கோயில் வாசலில் நிற்கும் ஒரு இளவட்டப் பையனிடம் கொடுத்துவிடுங்கள், சென்னையில் இருக்கும் தளம் செய்தவரிடம் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் தளத்தைப் பார்த்தே இராத ஒரு சித்தியையோ மாமாவையோ பிடியுங்கள். போனைக் கையில் கொடுத்து, ‘சாமக்கொடை என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். உதவி செய்யக் கூடாது, அதுதான் கஷ்டம். அவர் விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார் என்று பார்த்தால் அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். இப்படி மூன்று நான்கு பேரிடம் பார்த்தால் போதும். அப்புறம் போன வருடம் குடும்பக் குழுவில் வந்த கேள்விகளையும், பொருளாளருக்கு வந்த போன்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்த கேள்வி எதுவோ அதன் விடை மேலே ஏற வேண்டும்.

கொடை முடிந்து மஞ்சள் நீராட்டு ஆனதும் தளத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். முகவரியை மாற்றாமல், முகப்பில் ‘2026 கொடை நிறைவடைந்தது. அடுத்த கொடைத் தேதி மாசியில் இங்கே அறிவிக்கப்படும்’ என்று எழுதிவிட்டு, இந்த வருட நிரலையும் போட்டோக்களையும் ‘கொடை 2026’ என்ற தனிப் பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசித்த பிறகு அதையும் அந்தப் பக்கத்திலேயே சேர்க்கலாம்.