மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை?

பொகவந்தலாவையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

சுனாமி வந்த கடலுக்கா பெண் பிள்ளையை அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். 2004ஐ மறக்காத எந்தத் தாயும் அப்படித்தான் கேட்பாள். ஆனால் மகள் ஆசைப்படும் நீரடி ட்ரோன் ஓட்டும் வேலையில் தண்ணீருக்குள் இறங்குவது இயந்திரம்தான். அவள் படகில் இருந்தபடி அதை ஓட்டுவாள். படகில் ஏறுகிறவளுக்கு நீச்சல் அவசியம். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கற்றுக்கொள்ளட்டும்.

1998இலும் 2016இலும் கடல் சூடேறி நம் நாட்டு முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளுத்து, பல இடங்களில் மடிந்துபோயின. இப்படி அழிந்த இடங்களில் முருகைத் துண்டுகளையும் கடற்புல்லையும் மீண்டும் நடுகிறார்கள். நட்டது பிழைத்ததா என்று திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நீரடி ட்ரோன். ஜீபிஎஸ் சமிக்ஞை நீருக்குள் எட்டாது. ஒலியை வைத்தே இடத்தை அறிகிறார்கள். கட்டளையும் படமும் கேபிள் வழியே போய்வரும். ட்ரோன் பாய்ச்சும் இரண்டு லேசர் புள்ளிகள் திரையில் தெரியும். அவற்றுக்கு இடையிலான உண்மையான தூரம் மாறாது என்பதால், விரல் நீள முருகைக் கிளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அதைக்கொண்டே அளந்துவிடலாம். ட்ரோன் கொஞ்சம் தாழ்ந்து மணலைக் கிளப்பிவிட்டால் போதும், படம் முழுவதும் கலங்கிவிடும். நிதானமான கை வேண்டும். பழுதான ரேடியோவைப் பிரித்துத் திரும்பவும் பாட வைத்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அவளுடைய பரீட்சைப் புள்ளிகளைவிட அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இலங்கையில் இதற்கென்றே இருக்கும் வேலைகள் மிகக் குறைவு. ஆகவே இதை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். அவள் கணிதப் பிரிவில் இருப்பதால் பேராதனை, மொறட்டுவைப் பொறியியல் பீடங்களைக் குறிவைக்கட்டும். இலத்திரனியலோ இயந்திரவியலோ கற்றால் பல கதவுகள் திறக்கும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாமல் போனால், கொழும்பு மட்டக்குளியிலுள்ள சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பாடநெறிகளை விசாரிக்கலாம். எங்கு போனாலும் ஆங்கிலம் வேண்டும்; அதை இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அணைக்கட்டுகளின் நீரடிச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இதே கருவிதான் உதவுகிறது. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை எல்லாம் நம் மலையகத்து நீர்த்தேக்கங்கள் அல்லவா? கற்ற தொழிலோடு அவள் ஊருக்கே திரும்பவும் வழி இருக்கிறது.

கலைப்பிரிவுக்கு மாற்றி ஆசிரியையாக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். ஆசிரியப் பணி உயர்ந்ததுதான், ஆனால் இந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லையே. அடுத்த முறை ஹட்டனுக்கு வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். பௌதிகவியல் விடைத்தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.