சூரியகாந்தியின் மஞ்சள் ஏன் அழுக்காகிறது?

கேள்வி: நான் ஓவியம் முறையாகக் கற்றதில்லை. 24 வண்ணங்கள் கொண்ட அக்ரிலிக் பெட்டியும் 12-க்கு 16 அங்குல கேன்வாஸும் வாங்கி, வீடியோ பார்த்துச் சூரியகாந்தி வரைகிறேன். மூன்று முறை வரைந்துவிட்டேன். இதழுக்கு நிழல் கொடுத்தவுடன் மஞ்சள் பச்சையாகிவிடுகிறது, இல்லாவிட்டால் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. இதழுக்குள்ளிருந்து பின்னணி நீலமும் எட்டிப்பார்க்கிறது. வண்ணம் விற்பவரிடம் கேட்டால், “மாணவர் தரப் பெட்டி அப்படித்தான் இருக்கும், ஓவியர் தரத்தில் 48 வண்ணப் பெட்டியும் கூடவே ஒரு மீடியமும் (வண்ணத்தோடு கலக்கும் திரவம்) வாங்குங்கள்” என்கிறார். இணையத்தில் வகுப்பு எடுப்பவரோ, “ஆறு மாதம் பென்சில் ஷேடிங் படித்துவிட்டு வாருங்கள்” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். கையில் இருக்கும் பெட்டியே போதும். அதிலும் ஏழெட்டு டியூப்தான் உங்களுக்குத் தேவைப்படும்.

வண்ணங்களிலேயே மிகச் சுலபமாகத் தோற்றுப்போவது மஞ்சள். நீலக் குவியலில் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தால் நீலம் அசைந்துகொடுக்காது. மஞ்சள் குவியலில் ஒரு பொட்டு நீலம் விழுந்தால் குவியல் முழுவதும் பச்சையாகிவிடும். கருப்பு, பழுப்பு, கழுவாத பிரஷ், கலங்கிய தண்ணீர் என எதைத் தொட்டாலும் கெடுவது மஞ்சள்தான். ஆகவே சூரியகாந்தியை வரையும்போது முதல் கோட்டிலிருந்து கடைசித் தீற்றல்வரை மஞ்சளைக் காப்பாற்றுவதே வேலை. இதை யாராவது முதல் நாளே உங்களிடம் சொல்லியிருந்தால் மூன்று கேன்வாஸ் வீணாகியிருக்காது.

“நிழல் கொடுத்தவுடன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மஞ்சளில் கருப்பைக் கலந்திருக்கிறீர்கள். நிழல் என்றால் இருட்டு, இருட்டு என்றால் கருப்பு என்று பள்ளியில் பென்சில் பிடித்த நாளிலேயே நமக்குப் பழக்கிவிட்டார்கள். ஆனால் பெட்டிகளில் வரும் கருப்பில் பெரும்பாலும் மெல்லிய நீலச் சாயல் ஒளிந்திருக்கும். அது மஞ்சளோடு சேர்ந்தால் பாசிப் பச்சைதான் வரும். வெயிலில் நிற்கும் ஒரு சூரியகாந்தியை உற்றுப் பாருங்கள். மேலிதழின் நிழல் விழும் கீழிதழில் பச்சை இருக்காது. அங்கே தெரிவது தேன் நிறம், அதற்கும் உள்ளே தள்ளியிருக்கும் இடத்தில் செம்பழுப்பு.

அதை உங்கள் பெட்டியிலேயே எடுக்கலாம். இதழின் இயல்பான நிறத்துக்கு மீடியம் யெல்லோ. லேசான நிழலுக்கு அதனோடு யெல்லோ ஓக்கர் என்னும் மண் மஞ்சள். ஆழ்ந்த நிழலுக்கு ஓக்கரோடு ஒரு நுனி பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு. வெயில் நேராக விழும் நுனிக்கு லெமன் யெல்லோவும் கொஞ்சம் டைட்டானியம் ஒயிட்டும். இந்த நான்கு குவியல்களையும் வரைய உட்காருவதற்கு முன்பே தனித்தனியாகக் கலந்து பேலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டு) வைத்துவிடுங்கள். கேன்வாஸ் மேல் கலக்கக் கூடாது. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது நிறமியைப் பிணைக்கும் அதன் பைண்டர் பால் மாதிரி வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால்தான் காய்ந்த நிறம் ஒரு படி அடர்ந்து தெரிகிறது. ஒவ்வொரு குவியலையும் தேவைக்குக் கொஞ்சம் வெளுப்பாகவே கலந்துகொள்ளுங்கள்.

அடுத்து, எட்டிப்பார்க்கும் நீலம். இதற்கு நான் அந்த வீடியோக்களைத்தான் குற்றம் சொல்வேன். பத்து நிமிடத்தில் ஒரு பூ மலர்ந்துவிடுகிறது. அக்ரிலிக்கின் மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே பத்து, இருபது நிமிடம் ஆகும், தடிமனாகப் பூசினால் இன்னும் கூடும். அந்தக் காத்திருப்பை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டுத்தான் படத்தை ஓட்டுகிறார்கள். காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் காட்டுவதுகூட இல்லை. பார்க்கிறவர் ஈர நீலத்தின் மேல் மஞ்சளை வைக்கிறார், பச்சை வருகிறது, தனக்குக் கை வரவில்லை என்று மனம் நொந்துபோகிறார். எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் பிரஷைக் கீழே வைத்தார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

நீலம் காய்ந்த பிறகு பூசினாலும் பாதிச் சிக்கல்தான் தீரும். உங்கள் பெட்டியில் உள்ள மஞ்சள் அரைகுறையாக ஒளி ஊடுருவும் வகை. கண்ணாடித்தாளைப் போல அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மஞ்சள் வரப்போகும் இடத்தில் பின்னணியை ஏற்றவே ஏற்றாதீர்கள். பூவின் வெளிவட்டத்தைத் தோராயமாக விட்டுவிட்டு, சுற்றிலும் மட்டும் நீலம் பூசுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு, இதழ் வரும் இடம் முழுவதும் டைட்டானியம் ஒயிட்டை ஒரு பூச்சு கொடுங்கள். நீலத்தின் மேல் நீண்டு வரும் இதழ் நுனிகளையும் அந்த வெள்ளையிலேயே இழுத்துவிடுங்கள். வெள்ளை காய்ந்ததும் அதன் மேல் மஞ்சள். ஒரே தடிப் பூச்சாக வேண்டாம், மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. அடியிலுள்ள வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மாணவர் தர மஞ்சளும் பளிச்சென்று நிற்கும். கடைக்காரர் சொன்ன மீடியத்துக்கு இங்கே வேலையே இல்லை.

பென்சிலையும் ஒதுக்கிவையுங்கள். கிராஃபைட் தூள் ஈர மஞ்சளில் கரைந்து சாம்பல் பூசிவிடும், கோடும் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் விட்டு இளக்கிய யெல்லோ ஓக்கரில், மெல்லிய ரவுண்ட் பிரஷால் வரையுங்கள். தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கழுவத் தண்ணீர்க் குவளை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மஞ்சளுக்கு மட்டும், மற்றது மற்ற எல்லாவற்றுக்கும். மஞ்சளுக்கென்று ஒரு பிரஷைத் தனியாக ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது. பாதி அழுக்கு இதிலேயே போய்விடும்.

இதழ் தட்டையாகத் தெரிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மஞ்சள் சரியானதும் அடுத்து அதுதான் கண்ணில் படும் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான குறும்பூக்களின் கூட்டம். வெளியே இதழ் போல் நீண்டிருப்பவை கதிர்ப்பூக்கள், நடுத்தட்டில் நெருக்கியடித்து நிற்பவை வட்டுப்பூக்கள். கதிர்ப்பூக்கள் அடுக்கடுக்காக ஒன்றன்பின் ஒன்று ஒளிந்து நிற்கும். அதனால் பின்வரிசையை முதலில், லேசான நிழலுக்குக் கலந்த தேன் நிறக் குவியலில் முடித்துவிடுங்கள். காய்ந்த பின் அவற்றின் இடைவெளிகளில் முன்வரிசையை மீடியம் யெல்லோவில் வையுங்கள். தட்டின் விளிம்பில் பிரஷை அழுத்தி, வெளிப்புறமாக இழுத்து, நுனியில் அழுத்தத்தைத் தளர்த்தித் தூக்குங்கள். நுனி வளைந்த தட்டை பிரஷான ஃபில்பர்ட் இருந்தால் ஒரே இழுப்பில் ஓர் இதழ் வந்துவிடும். நீளவாக்கில் ஓடும் வரிகளுக்குப் பிரஷின் மயிர்த்தடமே போதும். எல்லா இதழும் ஒரே நீளமாக, நேராக நின்றால் அது காற்றாடி ஆகிவிடும். இரண்டொன்றை மடக்குங்கள், ஒன்றைக் கிழியவிடுங்கள்.

நடுத்தட்டுக்கும் கருப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பில் அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்தால் கருப்பை விட ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கும். வட்டுப்பூக்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசையாக விரிகின்றன. அதனால் பாதி விரிந்த பூவில் வெளிவளையம் பூந்தாது படிந்து பொன்பழுப்பாகவும், இன்னும் திறக்காத மையம் பச்சை கலந்தும் இருக்கும். அந்த வளையத்தை ஓக்கரிலும் சியன்னாவிலும் புள்ளி புள்ளியாகக் குத்துங்கள். அங்கே இரு திசையிலும் சுழலும் வரிகள் உண்டு. எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று வரும். அழகான கணக்குதான், ஆனால் அதை வரைய முயலாதீர்கள். புள்ளிகள் லேசாக வளைந்த வரிசையில் விழுந்தாலே போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

இனி விற்பவர் சொன்னது. 48 வண்ணப் பெட்டியில் உங்கள் கண்ணை இழுப்பவை பல ஏற்கெனவே கலந்து அடைக்கப்பட்டவை. இரண்டு மூன்று நிறமி சேர்ந்த வண்ணத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் சேறு வராமல் வேறென்ன வரும்? எண்ணிக்கை கூடினால் விற்பவருக்கு லாபம், உங்களுக்கு அழுக்கு. டியூபின் முகப்பில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். பின்பக்கம் சிறிய எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளுக்கு அது பி.ஒய். என்று தொடங்கும். பி.ஒய். 3 என்றால் லெமன் வகை, ஒளி ஊடுருவும். பி.ஒய். 35 என்றால் உண்மையான கேட்மியம், அடியிலுள்ளதை நன்றாக மறைக்கும். “கேட்மியம் யெல்லோ” என்று பெரிதாகப் போட்டு, பக்கத்திலேயே சிறிதாக “ஹியூ” என்றிருந்தால் உள்ளே கேட்மியம் இல்லை, அதைப் போலத் தோன்றும் வேறு நிறமி இருக்கிறது என்று பொருள். அதுவும் நல்ல வண்ணமாக இருக்கலாம், ஆனால் கேட்மியத்தின் விலையை அதற்குக் கேட்பது அநியாயம். பழகத் தொடங்கிய காலத்தில், அந்தச் சிறு சொல்லைக் கவனிக்காமல் நான் ஒரு கடையில் ஏமாந்தேன். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “பெயரில்தான் போட்டிருக்கிறதே” என்றார்கள். உணவுப் பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாவிட்டால் நாம் வாங்குவோமா? தொடக்கநிலைப் பெட்டிகள் பலவற்றில் குறியீடே அச்சிடுவதில்லை. கற்றுக்கொள்பவருக்குத்தான் அந்தத் தகவல் அதிகம் தேவை, அவரிடமிருந்தே அதை மறைக்கிறார்கள்.

குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒளி தாங்கும் தரமும் இருக்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் வரிசையில் 1 அல்லது 2 என்றிருந்தால் வாங்கலாம். 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்த ஓவியர் வான் கோ, குரோம் மஞ்சளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அந்த நிறமியில் ஒரு வகை ஒளி பட்டால் பழுப்படைந்துவிடும். அதிலுள்ள குரோமியம் வேதிமாற்றம் அடைவதே காரணம் என்று 2011-இல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. அவருக்கு அன்று வேறு வழி குறைவு, இன்று நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வகுப்பு நடத்துபவர் சொன்ன ஆறு மாத ஷேடிங்? பென்சில் நல்ல பயிற்சிதான். ஆனால் மஞ்சள் ஏன் பச்சையாகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. மாறாக, நிழல் என்றால் கருப்பு என்ற பழக்கத்தை அது இன்னும் இறுக்கும். வண்ணம் கலப்பதைக் கடைசிப் பாடமாக வைத்து, அதுவரை மாதக் கட்டணம் வாங்குவதற்கு வசதியாகவே பல பாடத்திட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சேரும்போதே எங்களிடம்தான் பெட்டி வாங்க வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கருப்பை ஒதுக்குங்கள் என்று இவ்வளவு வற்புறுத்திவிட்டு, ஒரே ஓர் இடத்தில் அதை எடுக்கச் சொல்லப்போகிறேன்: இலை. மஞ்சளைக் கெடுத்த அதே பச்சைதான் சூரியகாந்தி இலைக்கு உரிய பச்சை. டியூபில் வரும் பச்சையைப் பூசினால் இலை பிளாஸ்டிக்காகத் தெரியும். சூரியகாந்தியின் இலையோ சொரசொரப்பான, தூசி படிந்தாற்போன்ற, மங்கிய பச்சை. மீடியம் யெல்லோ ஐந்து பங்கு எடுத்து, அதில் கருப்பை அரைப் பங்குக்கும் குறைவாக, குச்சி நுனியால் எடுத்துச் சேருங்கள். கருப்பில் மஞ்சளைச் சேர்க்கக் கூடாது, டியூப் காலியானாலும் நிறம் தேறாது. வெயில் படும் இலைக்கு லெமன் யெல்லோவில் இதையே செய்யுங்கள். தண்டோரத்து இருட்டுக்குக் கருப்பை ஒரு படி கூட்டி, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேருங்கள். ஆனால் எந்தக் கருப்பு என்று பாருங்கள். கருப்பின் நிறமிக் குறியீடு பி.பி.கே. என்று தொடங்கும். பி.பி.கே. 7 அல்லது 9 என்றிருந்தால் பச்சை நன்றாக வரும். பி.பி.கே. 11 என்றால் அது மார்ஸ் பிளாக், பழுப்புச் சாயல் கொண்டது, பச்சை உயிரில்லாமல் போய்விடும். அது மட்டும்தான் இருக்கிறதென்றால் கருப்பை விட்டுவிட்டு, மஞ்சளில் அல்ட்ராமரினும் ஒரு நுனி சியன்னாவும் கலந்துகொள்ளுங்கள். இந்தக் கலவைக்குப் பேலட்டில் இடம் கொடுக்காதீர்கள், தனித் தட்டில் வையுங்கள், பிரஷும் வேறு. இதழ்களை வரைவதற்கு முன்பே இலைகளை முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். இலைக்குக் கலந்த கருப்பை “இதழிலும் ஒரு துளி வைத்துப் பார்ப்போமே” என்று எடுத்துப்போகும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெட்டுப்போன மூன்று கேன்வாஸையும் தூக்கிப் போட வேண்டாம். அக்ரிலிக் என்பதால் திரும்பப் பயன்படுத்தலாம். மேடாகத் தடித்த இடங்களை ஈரமாக்கி, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் நிறமித் தூள் மூச்சில் போகும். பிறகு ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறை, முதலாவதைக் குறுக்காக, அது காய்ந்த பின் இரண்டாவதை நெடுக்காக. மறுநாள் வரையலாம். இரண்டுக்கு மட்டும் இப்படிச் செய்யுங்கள். மூன்றாவதை அப்படியே சுவரில் சாய்த்துவைத்து, புதிய பூவுக்கு நிழல் கொடுக்கும்போது பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பாருங்கள்.