வீட்டில் கிடைத்த பழைய மியூசிக் பாக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: சார், தாத்தா வைத்திருந்த மரப்பெட்டி. உள்ளே பித்தளை சிலிண்டர், எஃகுச் சீப்பு. கம்பெனி பெயர் எங்குமே இல்லை. எங்கிருந்து தொடங்க?

பதில்: இந்த வகை பெரும்பாலும் சுவிஸ், ஜெனீவா அல்லது செயின்ட் குருவா பக்கம். பெயர் இல்லாதது சகஜம். முதலில் மூடியின் உட்புறம் பாருங்கள், பாட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும், இயந்திரம் உட்கார்ந்திருக்கும் அடித்தட்டில் அடித்த எண்ணும் ஒன்றானால், பட்டியலும் இயந்திரமும் பிறவி ஜோடி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எண்கூடத் தெரியும். நிக்கோல் ஃப்ரேர் போன்ற பெரிய தயாரிப்பாளர்களுக்கு இந்த எண்ணை வைத்தே வருடத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

தனிச் சாவியால் முடுக்குவதா, உள்ளேயே நெம்புகோல் இருக்கிறதா? சாவி என்றால் பொதுவாக 1860களுக்கு முந்தையது. சிலிண்டர் நீளம், சீப்பின் பற்கள் எத்தனை, எத்தனை பாட்டு, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

கேள்வி: முழுசாக முடுக்கியிருக்கிறது, ஆனால் ஓடவில்லை. காத்தாடி மாதிரி ஒன்று சிக்கியிருக்கிறது. கழற்றி எண்ணெய் விடலாமா?

பதில்: தொடவே தொடாதீர்கள்! அந்தக் காத்தாடிதான் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும் கவர்னர். ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது அதைக் கழற்றினால் சிலிண்டர் கட்டவிழ்ந்து சுழலும். சில நொடிகளில் சிலிண்டரில் பதித்த ஊசிகள் வளைந்து முறியும், அவை மீட்டி ஒலிக்கவைக்கும் சீப்புப் பற்கள் பறக்கும். பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போச்சு. ஸ்பிரிங்கை முழுதும் தளர்த்திய பிறகே எதையும் கழற்றலாம். அது தெரிந்தவர் வேலை. ஸ்ப்ரே எண்ணெய் கூடவே கூடாது. சீப்பிலும் ஊசியிலும் எந்த எண்ணெயும் வேண்டாம்.

வண்டியில் ஏற்றும்போது பாட்டு பாதியில் நின்றிருக்கக் கூடாது. பற்கள் ஊசிமேல் தூக்கி நிற்கும், குலுங்கினால் ஒடியும். உங்களுடையது பாதியில் நின்றிருந்தால் பழுது பார்ப்பவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே கீச் கீச் என்கிறது.

பதில்: டேம்பர் போயிருக்கிறது. பல்லின் நுனிக்கு அடியில் முடி போன்ற எஃகுக் கம்பி இருக்கும். அடுத்த ஊசி வரும் முன் பல்லின் அதிர்வை அடக்குவது அதுதான். சரி செய்யலாம், செலவு கூடும். தாழ்ந்த சுரப் பற்களின் கீழ் ஈயக்கட்டி இருக்கும். அங்கே வெள்ளைப் பொடி தெரிந்தால் ஈயம் அரிக்கிறது, அது வேறு வேலை.

கேள்வி: அண்ணா, எங்களுடையது பெரிய உலோகத் தகடு போடுவது. 'ரெஜினா' என்று இருக்கிறது.

பதில்: அமெரிக்கா, நியூஜெர்சி, 1892இல் தொடங்கிய கம்பெனி. அதிர்ஷ்டசாலி நீங்கள். தொழிற்சாலையின் அனுப்புகைப் பதிவேடுகள் பெருமளவு தப்பியிருக்கின்றன. சர்வதேச மியூசிக் பாக்ஸ் சங்கத்துக்குத் தொடர் எண் கொடுத்துக் கேளுங்கள். 15½ அங்குலத் தகடு என்றால், அதே அளவு பாலிஃபோன் (ஜெர்மன் கம்பெனி) தகடும் ஓடும்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: படத்தைப் பார்த்து யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள். உடைந்த பற்கள் எத்தனை, ஊசிகள் நேராக உள்ளனவா, மணி, டிரம் போன்ற கூடுதல் உறுப்புகள் உண்டா, பட்டியல் அசலா, இவைதான் கணக்கு. பாலிஷ் மினுமினுப்புக்கு அவ்வளவு மதிப்பில்லை. பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்தால் குறையவும் செய்யும். அதே வகை, அதே அளவுப் பெட்டி ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். கேட்கும் விலையை அல்ல. இன்ஷூரன்ஸ் மதிப்பீடு விற்பனை விலையைவிடப் பொதுவாகத் தூக்கலாக இருக்கும்.

கேள்வி: திறந்தால் பொம்மை சுற்றும் சின்னப் பெட்டி?

பதில்: இயந்திரத்தில் 'சாங்கியோ' என்றிருந்தால் ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. பொதுவாக 18 பல். விற்பனைக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.