ஒரே ஸ்பீக்கர் போனில் அழைப்பும் அறிவிப்பும்: எங்கே சிக்குகிறது?

கேள்வி: கிடங்கின் சுவர்களில் ஆறு ஐபி ஸ்பீக்கர் போன்களை மாட்டியிருக்கிறோம். அலுவலகத்திலிருந்து ஒரு இடத்தை அழைத்தால் அங்கே நிற்பவர் பேச வேண்டும். தேவைப்படும்போது ஆறிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பும் ஒலிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் (உள் அழைப்பு எண்) கொடுத்தேன். அறிவிப்பு செய்தால் எல்லாம் மணி அடிக்கின்றன. யாராவது பட்டனை அழுத்தினால்தான் குரல் கேட்கிறது. பிறகு, ஒரே ஒலியை எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட் முறைக்கு மாற்றினேன். போட்டவுடன் நன்றாக வேலை செய்தது, சில நிமிடத்தில் நான்கு ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிட்டன. ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி பேசுகின்றன. கருவியில் கோளாறா?

பதில்: கருவியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்வது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிக்கல்கள்.

மணி அடிப்பதை முதலில் பார்ப்போம். அழைப்புகளை இணைக்கும் சர்வரைப் பொறுத்தவரை உங்கள் ஸ்பீக்கர் ஒரு சாதாரண போன். அழைப்பு வந்தால் மணி அடிக்கும், எடுக்கும்வரை காத்திருக்கும். அறிவிப்புக்கு அது தானாக எடுக்க வேண்டும். இந்த வகைக் கருவிகள் பலவற்றில் இரண்டு எஸ்.ஐ.பி. (ஐபி போன் அழைப்புகளுக்கான நெறிமுறை) கணக்குகளைப் பதிவு செய்ய இடம் இருக்கும். ஒன்றை அழைப்புக்கும் இன்னொன்றை அறிவிப்புக்கும் ஒதுக்குங்கள். அறிவிப்பு எக்ஸ்டென்ஷனில் மட்டும் ஆட்டோ ஆன்சரை ஆன் செய்து, அந்தக் கணக்கில் மைக்கை மியூட் செய்துவிடுங்கள். அழைப்பு எக்ஸ்டென்ஷனிலும் ஆட்டோ ஆன்சர் வைத்தால் கையில் வேலை இருப்பவருக்கு வசதிதான். ஆனால் அலுவலகத்தில் இருப்பவர் நினைத்த நேரத்தில் கிடங்கின் பேச்சைக் கேட்கலாம் என்றாகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால், லைன் திறக்கும்போது ஒரு ‘பீப்’ ஒலிக்கும்படி அமையுங்கள்.

கணக்கைப் பதிவு செய்யும்போது லாகில் (கருவியின் நிகழ்வுப் பதிவில்) 401 என்ற பதில் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறது என்று அர்த்தம். முதல் முயற்சியில் அது வருவது இயல்பு. அதைத் தொடர்ந்து 403 வந்தால் பெயர், பாஸ்வேர்டு விவரங்களைச் சரிபாருங்கள். பதிலே வரவில்லை என்றால் சர்வர் முகவரி, போர்ட் 5060, நடுவில் இருக்கும் ஃபயர்வால் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஆறு ஸ்பீக்கரையும் தனித்தனியாக அழைத்து அறிவிப்பு செய்யலாம்தான். ஆனால் சர்வர் ஆறு அழைப்புகளைக் கட்டி இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக எடுப்பதால் முதல் சொல் சில இடங்களில் விழுங்கப்படும். அதனால் மல்டிகாஸ்டுக்கு மாறியது சரியான முடிவு. அதில் ஒரே ஒலி ஓடை போகும், கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறை) நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ள முகவரித் தலைப்புகளோடு சேர்த்துச் சுமார் 80 கிலோபிட். ஸ்பீக்கர் ஆறானாலும் அறுபதானாலும் அனுப்பும் பக்கத்தில் அதே அளவுதான்.

இப்போது ஊமையான நான்குக்கு வருவோம். நீங்கள் சொன்ன ‘சில நிமிடம்’தான் இங்கே துப்பு. ஸ்பீக்கர் ஆன் ஆனதும், ‘இந்தக் குழுவின் ஒலி எனக்கு வேண்டும்’ என்று ஐ.ஜி.எம்.பி. செய்தி ஒன்றை அனுப்பும். ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் (இந்தச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் வசதி) உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் அதைக் கவனித்து, அந்த ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் போர்ட்டைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. வழக்கமான அமைப்பில் 260 விநாடி. அதற்குள் யாராவது ‘இன்னும் கேட்கிறீர்களா?’ என்று வினவினால்தான் ஸ்பீக்கர் மறுபடி பதில் சொல்லும், பதிவு புதுப்பிக்கப்படும். அப்படி வினவுவதுதான் க்வெரியரின் வேலை. வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். உங்கள் நெட்வொர்க்கில் க்வெரியரே இல்லை என்று நினைக்கிறேன். கேட்க ஆளில்லை, நேரம் கடந்தது, ஸ்விட்ச் ஓடையை நிறுத்திவிட்டது. தப்பித்த இரண்டும் ஸ்னூப்பிங் இல்லாத சாதாரண ஸ்விட்சில் மாட்டியிருக்கலாம். அந்த ஸ்விட்ச் வந்ததை எல்லா போர்ட்டுக்கும் தள்ளிவிடும்.

முதன்மை ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் ஐ.ஜி.எம்.பி. க்வெரியரை ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர்கள் இருக்கும் விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) ஒன்று போதும். மாற்றிய உடனே சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்பீக்கர்களை ரீஸ்டார்ட் செய்து, குறைந்தது பத்து நிமிடம் விட்டு அறிவிப்பு செய்து பாருங்கள்.

குழு முகவரியை 239 என்று தொடங்கும் வரிசையில் எடுங்கள், உதாரணமாக 239.10.10.1. 224.0.0 என்று தொடங்குபவை நெட்வொர்க்கின் சொந்த உபயோகத்துக்கானவை. 239.0.0 வரிசையையும் தவிர்ப்பேன்: ஈதர்நெட் முகவரியாக மாறும்போது கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மிஞ்சுவதால் அது 224.0.0 வரிசையோடு ஒன்றாகிவிடும், பல ஸ்விட்சுகள் அதை வடிகட்டாது. அந்த முகவரியோடு கொடுக்கும் போர்ட் எண் இரட்டைப்படையாக இருக்கட்டும்.

அனுப்புவது யார்? உங்கள் மேசை போனில் மல்டிகாஸ்ட் பேஜிங் (அறிவிப்பு வசதி) இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஆறில் ஒன்றைத் தலைமைக் கருவியாக்குங்கள். மேலே சொன்ன அறிவிப்பு எக்ஸ்டென்ஷன் அப்போது அதில் மட்டும் இருக்கட்டும். அது அழைப்பை எடுத்து மல்டிகாஸ்டாக மறு ஒலிபரப்பு செய்யும், மற்ற ஐந்தும் கேட்கும். இந்த வசதி எல்லா மாடலிலும் கிடையாது, கையேட்டைப் பாருங்கள். கோடெக் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண அழைப்பில் இரு பக்கமும் பேசி ஒத்துப்போகும். மல்டிகாஸ்டில் அந்தப் பேச்சுவார்த்தை இல்லை. முடிந்தால் ஜி.722 வையுங்கள்: தலைப்புகள் நீங்கலாக ஜி.711 போலவே 64 கிலோபிட்தான், ஆனால் ஒலி 7 கிலோஹெர்ட்ஸ் வரை போவதால் இரைச்சலில் சொற்கள் தெளிவாகப் புரியும்.

அவசர அறிவிப்புக்கு இன்னொரு குழு முகவரி வைத்து அதற்கு உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பை அது மட்டுமே துண்டிக்கட்டும். ‘டிரைவர் கேட்டுக்கு வரவும்’ என்பதற்கெல்லாம் ஒருவருடைய பேச்சை அறுக்க வேண்டியதில்லை.

ஒலி அளவை அழைப்புக்குத் தனியாக, அறிவிப்புக்குத் தனியாக வையுங்கள். அறிவிப்பவர் அருகில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் ஊளையிடும். அதை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒலியைக் கூட்டும்போது கருவி ரீஸ்டார்ட் ஆனால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் வகை ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், கருவியைச் சேருவது 12.95, சில ஸ்பீக்கர்களுக்கு அதைவிட அதிகம் தரும் 802.3ஏடி தேவை.

வேறு ஊரில் உள்ள கிளைக்கும் இதே அறிவிப்பு போக வேண்டுமென்றால், இணையம் மல்டிகாஸ்டைக் கடத்தாது. அங்கே ஒரு தலைமைக் கருவி வைத்து அதைச் சாதாரண அழைப்பாகவே கூப்பிடுங்கள், வி.பி.என். (இணையத்துக்குள் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக. வேலை எளிதாக இருக்கிறதே என்று 5060-ஐ ரவுட்டரில் வெளி உலகத்துக்குத் திறந்துவிட வேண்டாம். திறந்த போர்ட்டைத் தேடி எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்பீக்கரின் அமைப்புப் பக்கத்தில் தொழிற்சாலை கொடுத்த பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.