வசதியில்லாத பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்ச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எங்கே கூட்டிப் போகிறீர்கள், எத்தனை தடவை போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். "சாப்பாட்டுக்கே வழியில்லாத பிள்ளைகளுக்கு ஆறும் குளமும் எதற்கு?" என்று கூட வேலை செய்பவர் யாரோ கேட்டிருப்பார். என்னிடமும் கேட்டார்கள். நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் 7ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. பள்ளியில் என் வகுப்பில் பாதிப் பேர் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள். மீதிப் பேர் ஓடைச் சரிவில் தகரக் கொட்டகைகளில் இருக்கும் ஜூலு பிள்ளைகள்.

முதல் 3 வருடம் நானும் பஸ் பிடித்து, மிருகங்களைக் காட்டத்தான் கூட்டிப் போனேன். ஆளுக்கு 180 ராண்ட். கட்ட முடியாத பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளியிலேயே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். யாருக்காக இதை ஆரம்பித்தேனோ அவர்கள்தான் வரவில்லை என்பது எனக்கு உறைக்க 3 வருடம் ஆனது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: இந்த நாட்டில் பள்ளிகளை வறுமையை வைத்து 5 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழ்மையான முதல் 3 படிகளில் கட்டணம் கிடையாது, அரசுப் பணமும் கூடுதல். ஆனால் படியைத் தீர்மானிப்பது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் நிலைமை, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலைமை இல்லை. எங்கள் பள்ளியைச் சுற்றிச் செங்கல் வீடுகள். அதனால் நாங்கள் வசதியான பள்ளியாம்! வகுப்பில் எத்தனை பேர் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று வந்து பார்த்தால் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு, பள்ளியிலிருந்து 10 நிமிட நடையில் இருக்கும் ஓடைக்குப் போனோம். உம்லதுசானா ஆற்றில் போய்ச் சேரும் சின்ன ஓடை. மினிசாஸ் என்று தென்னாப்பிரிக்காவிலேயே உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. தண்ணீரில் வாழும் பூச்சி புழுக்களை 13 வகையாகப் பிரித்து, அழுக்கைத் தாங்காத வகைக்கு அதிக மதிப்பெண், எதையும் தாங்குகிற வகைக்குக் குறைந்த மதிப்பெண். கல்லடியில் வாழும் ஸ்டோன்ஃபிளை பூச்சிக்கு 17, புழுவுக்கு 2. கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓடையின் நிலை தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் வேண்டாம். கம்பி ஹேங்கரில் பழைய திரைச்சீலை வலையைத் தைத்தோம், வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிப் பார்த்தோம்.

முதல் நாள் கிடைத்தது புழு, அட்டை, ஈயின் புழுப்பருவம், நத்தை, நீர்வண்டு. கூட்டினால் 15, ஐந்தால் வகுத்தால் 3. மிக மோசம். ஓடையோடு மேலே நடந்தபோது, மூடி பெயர்ந்த ஒரு சாக்கடைத் தொட்டி ஓடைக்குள் வழிந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே வலையைப் போட்டால் தட்டானின் குஞ்சுகளும் நண்டும் வந்தன. "இன்கலன்கலா!" (நண்டு) என்று ஜூலு மொழியில் கத்தினாள் ஒருத்தி. அங்கே மதிப்பெண் 6. காரணம் என்ன என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

அன்று ஒரு பையன் மட்டும் கரையை விட்டு இறங்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். திரும்பி வரும் வழியில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "மேடம், வெள்ளத்தில் அவன் வீடு இந்த ஓடையில்தான் போனது" என்றாள். 2022 ஏப்ரல் வெள்ளம். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, 400 பேருக்கு மேல் இறந்த வெள்ளம். அது நடந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த தடவை அவனிடம் எழுதும் அட்டையையும் பென்சிலையும் கொடுத்து, மேலே நின்றபடியே கணக்கு எழுதச் சொன்னேன். நான்காவது தடவை அவனாகவே இறங்கி வந்து, ஒரு மரக்கிளையில் தொங்கிய கிழிந்த பிளாஸ்டிக் பைகளைக் காட்டினான். "தண்ணீர் அதுவரைக்கும் வந்தது, மேடம்." என் தலைக்கு மேலே இருந்தன அவை. மூங்கில் கழியை நிறுத்தி அளந்தோம்: கரையிலிருந்து 2.4 மீட்டர். இரு கரையிலும் அதே உயரத்தில் குப்பை மாட்டியிருந்த கிளைகளைப் பிள்ளைகளே தேடிப் போனார்கள். தண்ணீர் அந்த இரவில் எவ்வளவு அகலமாக ஓடியது என்று அவர்கள் வரைந்த படத்தில் 11 கொட்டகைகள் கோட்டுக்குள் இருந்தன.

"சாக்கடையில் பிள்ளைகளை இறக்கினாயா?" என்று கேட்பவர்களுக்கு: சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே நான் மட்டும்தான் இறங்கி வலை போட்டேன். மேலே இறங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் இரவல் கம்பூட்ஸும் கையுறையும் உண்டு. இங்கே பில்ஹார்சியா என்ற நோய் இருக்கிறது. நத்தையிலிருந்து வெளிவரும் கிருமி தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். இது ஆராய்ச்சி இல்லை, ஒரு வகுப்பில் நான் பார்த்தது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் கண்மாயோ வாய்க்காலோ பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஆரம்பியுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும்போதே, பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் பயமா, வீட்டில் யாருக்காவது தண்ணீரில் ஏதும் நடந்ததா என்று கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்காமல்தான் போனேன்.