“நாட்டைப் பற்றித்தானே சொன்னார்?” – பிரிட்டன் வகுப்பறையும் இனவாதமும்: கேள்வி பதில்

நான் கிழக்கு லண்டனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக 19 வருடம் வேலை செய்தவள். இப்போது ஒரு பள்ளியை மேற்பார்வை செய்யும் கவர்னர் சபையில் இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. ஆனால் சமத்துவச் சட்டத்தை வைத்துப் பள்ளி எடுத்த முடிவுகள் பலவற்றில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியில் நடக்கும் இனவாதம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹரோ, ஒரு அம்மா): அக்கா, மகனுக்கு எட்டு வயது. மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு தற்காலிக ஆசிரியர், “உங்கள் நாட்டில் கையால் அள்ளிச் சாப்பிடுவீர்கள், இங்கே மனிதர் மாதிரிச் சாப்பிடு” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியரிடம் போனேன். “அது ஒரு நாட்டின் பழக்கத்தைப் பற்றிய பேச்சு, இனத்தைப் பற்றியது இல்லை” என்றார். அவர் சொல்வது சரியா?

பதில்: இல்லை, தங்கச்சி. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 9ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அங்கே ‘இனம்’ என்ற சொல்லுக்குள் நிறம், குடியுரிமை, இன மூலம், தேசிய மூலம் (எந்த நாட்டு வழி வந்தவர் என்பது) எல்லாமே அடக்கம். “நாடுதானே, இனம் இல்லையே” என்ற பிரிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை.

அந்தப் பிரிப்பு ஒரு காலத்தில் இருந்தது உண்மை. ஈலிங் நகரசபை ஒரு போலந்துக்காரரை, பிரிட்டிஷ் குடிமகன் இல்லை என்ற காரணத்தால், வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. ‘தேசிய மூலம்’ என்பது வேறு, ‘குடியுரிமை’ என்பது வேறு, அதனால் இது இனப் பாகுபாடு இல்லை என்று அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1970களின் தொடக்கத்தில் தீர்ப்புச் சொன்னது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டத்தில் குடியுரிமை என்ற சொல்லையும் சேர்த்தார்கள். உங்கள் தலைமை ஆசிரியர் சொன்ன நியாயம் நீங்கள் பிறப்பதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

அப்புறம், சொன்னவர் ஆசிரியர் என்பது முக்கியம். பள்ளி தன் மாணவனைத் துன்புறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. துன்புறுத்தல் என்றால் அடிப்பது மட்டும் இல்லை. பிள்ளையின் மானத்தைக் குலைக்கும் அல்லது அவனுக்கு அவமானமான சூழலை உண்டாக்கும் வேண்டாத நடத்தை எல்லாம் அதில் வரும். “அப்படி நினைத்துச் சொல்லவில்லை” என்பது மட்டும் போதாது, விளைவையும் பார்ப்பார்கள். பிள்ளை அதை எப்படி உணர்ந்தான், என்ன சூழ்நிலை, அப்படி உணர்ந்தது நியாயமா என்ற மூன்றையும் சேர்த்து எடைபோடுவார்கள். ‘மனிதர் மாதிரி’ என்ற அந்த இரண்டு சொல்லை நான் லேசில் விடமாட்டேன். உங்கள் கடிதத்தில் அதை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி (லூயிஷம், ஒரு அப்பா): மகள் இங்கே பிறந்தவள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வகுப்பில் ஒரு பையன் “உன் நாட்டுக்குப் போ” என்கிறான். “அவள் பிரிட்டிஷ்தானே, அதனால் இது வெறும் குழந்தைச் சண்டை” என்று ஆசிரியை சொல்கிறார்.

பதில்: அந்தப் பையன் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்லவில்லையே, தம்பி. குடியுரிமை மாறினாலும் தேசிய மூலம் மாறுவதில்லை. நம் பிள்ளையைப் பாகிஸ்தான்காரி என்று நினைத்துத் திட்டினாலும் அது இனத்தோடு தொடர்பான திட்டுதான். நாட்டைப் பிழையாகச் சொன்னான் என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

ஆனால் ஒன்று. இந்தச் சட்டம் பள்ளியைத்தான் கட்டுப்படுத்தும், சக மாணவனை அல்ல. அதனால் அந்தப் பையன்மேல் சட்டம் பேசாதீர்கள். பள்ளி என்ன செய்தது என்று கேளுங்கள். மாணவர் ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்தும் எல்லா விதமான வம்பையும் தடுக்க ஏற்பாடு செய்வது 2006ஆம் ஆண்டின் கல்வி, பள்ளி ஆய்வுகள் சட்டப்படி அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கடமை. மற்ற வம்புக்கு எல்லாம் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கும் பள்ளி, இதை மட்டும் “குழந்தைச் சண்டை” என்று தள்ளினால், அந்த வித்தியாசமே பாகுபாடு ஆகலாம்.

கேள்வி: “எந்த நாடு?” என்று ஆசிரியர் கேட்பதே இனவாதமா? நம் ஆட்கள் சிலர் எதற்கெடுத்தாலும் துவேசம் என்கிறார்கள்.

பதில்: கேட்பது மட்டுமே இனவாதம் ஆகாது. எப்படிக் கேட்கிறார்கள், பதிலை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதுதான் விஷயம்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சுவரில் உலக வரைபடம் தொங்கவிட்டு, “உங்கள் ஊரில் ஊசி குத்துங்கள்” என்றேன். சோமாலியக் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து லண்டனிலேயே குத்தினான். “இல்லை கண்ணா, உண்மையான ஊர்?” என்றேன். அவன் ஊசியைப் பிடுங்கி, வரைபடத்தில் ஆப்பிரிக்கா எங்கே என்று தெரியாமல் கை அலைய நின்றான். பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நானும் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். ஆனாலும் அன்றைக்கு, “நீ இந்த ஊர் இல்லை” என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அடுத்த நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு சம்பவத்தை நீதிமன்றம் துன்புறுத்தல் என்று சொல்லியிருக்காது. அதற்காக அது சரி என்று ஆகாது.

கேள்வி (கிளாஸ்கோ): மகனின் வகுப்பில் லண்டனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை ‘இங்கிலீஷ்காரன்’ என்று விடாமல் சீண்டுகிறார்களாம். வெள்ளைக்கு வெள்ளை, இது கணக்கில் வருமா?

பதில்: வரும். ஸ்கொட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிபிசி ஸ்கொட்லாந்தில் ரக்பி நிகழ்ச்சி நடத்திய ஓர் ஆங்கிலேயர், தான் ஆங்கிலேயன் என்பதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று வழக்குப் போட்டார். ஆங்கிலேயர், ஸ்கொட்லாந்தியர் என்பது வேறு வேறு தேசிய மூலம், அதன் பேரில் இனப் பாகுபாட்டு வழக்குப் போடலாம் என்று தீர்ப்பானது. நிறம் ஒன்றாக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம், பெயர் வேண்டாம்): வெட்கத்தோடு கேட்கிறேன். என் மகன் ஒரு சிங்களப் பையனைப் பார்த்து “உங்கள் ஆட்கள் கொலைகாரர்கள்” என்று சொல்லிப் பள்ளி எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. 2009இல் என் தம்பியை இழந்தவள் நான். இதுவும் இனவாதமா?

பதில்: அக்கா, உங்கள் இழப்புக்கு முன்னால் சட்டம் பேசவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேட்டீர்கள். ஆம், இதுவும் அதேதான். தமிழர், சிங்களவர் இரண்டும் இன மூலம். பர்மிங்ஹாமில் ஒரு சீக்கியப் பையனைத் தலைப்பாகையோடு சேர்க்க மறுத்த பள்ளியின் வழக்கில், நீண்ட பொது வரலாறும் தனக்கென்று ஒரு பண்பாடும் உள்ள கூட்டம் இனக்குழு ஆகும் என்று 1983இல் பிரபுக்கள் சபை சொன்னது. நம்மைக் காப்பதும் அதே தீர்ப்புத்தான்.

அந்தச் சிங்களப் பையன் 2009இல் பிறந்தே இருக்கமாட்டான். உங்கள் மகனும் அப்படித்தான். வீட்டில் கேட்டதைத்தான் அவன் சொல்லியிருக்கிறான். தம்பியின் கதையை மகனிடம் மறைக்காதீர்கள், முழுதாகச் சொல்லுங்கள். யார் செய்தார்கள், எந்த அரசு, எந்தப் படை என்று சொல்லுங்கள். ‘அவங்கள்’ என்ற ஒரு சொல்லோடு விட்டால் பிள்ளை பக்கத்து மேசையில் இருப்பவனைத்தான் தேடும். பள்ளிக்குப் போகும்போது உங்கள் குடும்பத்துக்கு நடந்ததையும் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தெரியவேண்டும்.

கேள்வி: ஜெர்மன் பிள்ளை இருக்கும் வகுப்பில் ஹிட்லரைப் பற்றிப் படிப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. பாடத்தின் உள்ளடக்கத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. படிப்பிக்கும் விதத்துக்கு இல்லை. அந்தப் பிள்ளையை எழுப்பி “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்பதை விட்டால் போதும்.

கேள்வி (சட்டன், ஒரு அம்மா): முறைப்பாடு எப்படிச் செய்வது? மகள் “சொல்லாதீங்கோ அம்மா” என்று அழுகிறாள்.

பதில்: முதலில் அன்று இரவே, அவள் சொன்ன சொற்களை அவள் சொன்ன மொழியிலேயே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். “அவர் உன் நாட்டைப் பழித்தாரா?” என்று நீங்களே எடுத்துக்கொடுக்கவேண்டாம். “என்ன நடந்தது, அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல். அங்கே சரிவராவிட்டால் தலைமை ஆசிரியர், அதற்கும் மேலே கவர்னர் சபை. பள்ளி உங்கள் மகளைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பதிவுகளையும் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். நீதிமன்றம் என்றால் இங்கிலாந்தில் கவுண்டி கோர்ட். சம்பவ நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வழக்கைப் பதியவேண்டும். பள்ளியோடு கடிதம் எழுதிக்கொண்டே அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகள் வேண்டாம் என்று அழுவது, நாளை அந்த வகுப்புக்குள் போகவேண்டியவள் அவள் என்பதால். அதனால் மின்னஞ்சலை அனுப்ப முன் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் எடுக்கச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். வகுப்புக்கு முன்னால் இதைப்பற்றிக் கதைக்கக் கூடாது என்று கடிதத்திலேயே கேளுங்கள். நல்ல பள்ளி அதற்கு ஒத்துக்கொள்ளும்.